நிலத்தை மனையாகப் பிரிக்கும் முன்: கடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தை மையமாக வைத்து நிலம் அளப்பதும் மனைப்பிரிவு வரைவதும்தான் என் தொழில். நெல்லிக்குப்பத்திலிருந்து வருகிறவரும் குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிறவரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். கட்டண விவரம் அடிக்கடி மாறுவதால் அதைத் தொடவில்லை.

சார், எங்க அப்பா பேர்ல ரெண்டு ஏக்கர் இருக்கு. மனையா போட்டு விக்கணும்னா முதல்ல யாரைப் பாக்கணும்?

நிலத்தை அளப்பவரை. பெரும்பாலானவர்கள் முதலில் புரோக்கரைப் பார்த்து, சென்ட் என்ன விலை போகும் என்று கேட்டு, முன்பணமும் வாங்கிவிட்டு, அதற்கப்புறம்தான் சர்வேயரைக் கூப்பிடுகிறார்கள். அளந்தால் நாலு சென்ட் குறைகிறது, அல்லது நடுவில் ஒரு ஓடைப் புறம்போக்கு தெரிய வருகிறது. அதற்குள் விலை பேசியாகிவிட்டது; எல்லோருக்கும் மனக்கசப்பு.

பட்டா, புல வரைபடம், மூலப்பத்திரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு உரிமம் பெற்ற நில அளவர் ஒருவரோடு ஒரு நாள் நிலத்தைச் சுற்றி வாருங்கள். எல்லை எது, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, பொதுச் சாலை எங்கே தொடுகிறது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் மனை போட முடியுமா முடியாதா என்பது அன்றைக்கே பாதி தெரிந்துவிடும்.

லே-அவுட், சப்-டிவிஷன்னு ரெண்டு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

புதிதாகச் சாலை போட்டுப் பல மனைகளாகப் பிரித்தால் அது லே-அவுட், அதாவது மனைப்பிரிவு. ஏற்கெனவே இருக்கிற சாலையை ஒட்டி ஒரு மனையையோ சிறு நிலத்தையோ சில துண்டுகளாக்கினால் சப்-டிவிஷன், உட்பிரிவு. இரண்டுக்குமே அனுமதி வேண்டும். "சின்ன இடம்தானே" என்று யாரும் தாமாகப் பிரித்துக்கொள்ள முடியாது.

தாலுகா அலுவலகத்திலும் உட்பிரிவு என்றுதான் சொல்வார்கள். அது சர்வே எண்ணைப் பிரித்துத் தனிப் பட்டா கொடுப்பது, வருவாய்த் துறை வேலை. 112/3A என்று ஒரு எண் வாங்கிவிட்டதால் மனைக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

அப்ரூவல் யார் கொடுப்பாங்க? பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து போதாதா?

போதாது. சென்னைப் பகுதிக்கு சி.எம்.டி.ஏ. இருப்பதுபோல நம் மாவட்டத்துக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம், ஆட்கள் வாயில் டி.டி.சி.பி. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும்தான் அடிப்படை. நிலம், சாலை, பூங்கா எல்லாம் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்புத் துறை. அதன் பிறகு இறுதி அனுமதி தருவது உள்ளாட்சி: ஊராட்சியோ, பேரூராட்சியோ, நகராட்சியோ, 2021 முதல் மாநகராட்சியாகிவிட்ட கடலூரோ.

ஆகவே ஒரு மனைக்கு இரண்டு எண்கள் இருக்க வேண்டும். ஒன்று டி.டி.சி.பி. எண், இன்னொன்று உள்ளாட்சியின் அனுமதி எண். விளம்பரப் பலகையில் முதல் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் இரண்டாவதைக் கேளுங்கள்.

பட்டாவுல 0.81.00னு இருக்கு. வீட்ல ரெண்டு ஏக்கர்ங்கிறாங்க. தாத்தா காணிக் கணக்கு சொல்றாரு. எதை நம்புறது?

எல்லாம் ஒன்றேதான். பட்டாவில் இருப்பது ஹெக்டேரும் ஏரும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஆக 81 ஏர் என்பது இரண்டு ஏக்கர்தான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர், ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி.

காணி என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது 1.32 ஏக்கர். புதுச்சேரிப் பக்கம் அதையே நூறு குழியாகப் பிரிப்பார்கள். ஒரு குழி 576 சதுர அடி. தஞ்சாவூர்க் குழி 144 சதுர அடிதான் என்பதால், உறவுக்காரர் சொல்லும் குழிக் கணக்கை எந்த ஊர்க் குழி என்று கேட்காமல் ஏற்க வேண்டாம். விண்ணப்பத்திலும் வரைபடத்திலும் சதுர மீட்டர் மட்டும்தான்.

எஃப்.எம்.பி.யில ஏகப்பட்ட கோடு, எண்ணு. அதை எப்படிப் படிக்கிறது?

புல வரைபடம் என்பது ஒரு சர்வே எண்ணின் உடல் அளவு. வெளிக்கோடு நிலத்தின் எல்லை. அதை எஃப்-லைன் என்போம். நிலத்துக்குக் குறுக்கே ஒரு மூலைக் கல்லிலிருந்து இன்னொரு மூலைக் கல்லுக்குப் போகும் நேர்க்கோடு ஜி-லைன். அந்தக் கோட்டின் மேல் இத்தனை மீட்டர் நடந்து, அங்கிருந்து செங்குத்தாக இடப்பக்கமோ வலப்பக்கமோ இத்தனை மீட்டர் போனால் வரப்பு வளைகிற இடம் வரும் என்று சொல்வதுதான் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்கள். ஏணி மாதிரி தெரிவதால் ஏணி அளவு என்றே பெயர்.

தரையில் இதைச் செய்து பார்த்தால் உடனே புரியும். இரண்டு கல்லையும் கண்டுபிடித்து நடுவில் டேப்பை இழுத்து, படத்தில் 34.6 என்று இருக்கும் இடத்தில் நின்று, செங்கோணத்தில் 5.2 மீட்டர் போனால் கால் வரப்பில் நிற்க வேண்டும். அப்படி நிற்கவில்லை என்றால் கல் நகர்ந்திருக்கிறது, அல்லது வரப்பு நகர்ந்திருக்கிறது. இப்போது டோட்டல் ஸ்டேஷன், டி.ஜி.பி.எஸ். போன்ற மின்னணு அளவைக் கருவிகள் எல்லாம் வந்துவிட்டாலும் கடைசியில் இந்தப் பழைய அளவோடு பொருத்திப் பார்த்துத்தான் எல்லையை முடிவு செய்கிறோம்.

பழைய படங்களில் அளவு மீட்டரில் இல்லாமல் கண்ணியில், அதாவது லிங்க்ஸில் இருக்கும். நூறு கண்ணி ஒரு சங்கிலி, 66 அடி. 250 என்று எழுதியிருப்பதை அடி என்று நினைத்து எல்லைச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 250 கண்ணி என்பது 165 அடிதான்.

பட்டா அளவு ஒண்ணு, பத்திர அளவு ஒண்ணு, தரையில அளந்தா வேற ஒண்ணு. எதை வெச்சு பிளான் போடுவீங்க?

மூன்றில் எது குறைவோ அதை வைத்து. தரையில் இருப்பது அதிகம் என்றால் அந்த அதிகம் யாருடையது என்ற கேள்வி வரும்: பக்கத்து நிலத்தவருடையதா, புறம்போக்கா? பத்திரத்தில் அதிகம் என்றால் இல்லாத நிலத்தை விற்க முடியாது.

வித்தியாசம் ஒரு சென்ட், அரை சென்ட் என்றால் குறைவானதை ஏற்று மேலே போகலாம். அதற்கு மேல் என்றால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். நில ஆவணங்களைப் புதுப்பிக்க 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். கணக்கெடுப்பில் உட்பிரிவு மாறி ஏறியது, பாகப்பிரிவினைக்குப் பிறகு படத்தில் கோடு கிழிக்காமல் விட்டது, சாலைக்கு எடுத்த நிலத்தைப் பட்டாவில் கழிக்காதது ஆகியவைதான் நான் அதிகம் பார்க்கும் காரணங்கள். வருவாய்த் துறையில் மனு கொடுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் மனைப்பிரிவுக்குப் போக வேண்டும். தாமதமாகிறது என்று பலர் எரிச்சலடைகிறார்கள். ஆனால் தப்பான வெளிக்கோட்டுக்குள் எழுபது மனை வரைந்தால் அந்தத் தப்பு எழுபது குடும்பத்தின் பத்திரத்துக்குள் போய்விடும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

என்னென்ன பேப்பர் கேப்பாங்க?

மூலப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை, வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, ஒவ்வொரு சர்வே எண்ணின் நில வகையையும் காட்டும் 'அ' பதிவேடு, புல வரைபடம், கிராம வரைபடம், வழக்கறிஞரின் சட்டக் கருத்து, சுற்றுப்புறத்தைக் காட்டும் டோப்போ வரைபடம், உத்தேச மனைப்பிரிவு வரைபடம். நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடு. பவர் வாங்கிச் செய்கிறவர் என்றால் பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரம். விண்ணப்பம் இணைய வழி.

இதில் டோப்போவை அசட்டையாக விடுகிறார்கள். நிலத்தைச் சுற்றி உள்ள சாலை, கிணறு, மின்கம்பி, வாய்க்கால், சுடுகாடு, பக்கத்து மனைப்பிரிவின் சாலை முனை எல்லாம் அதில் வர வேண்டும். நேரில் பார்வைக்கு வரும் அதிகாரி முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அதைத்தான். உயரழுத்த மின்கம்பி ஒன்றை வரையாமல் விட்டால் கோப்பு திரும்பி வரும்.

மூணு ஏக்கர் இருக்கு. அதுல எவ்வளவு விக்க முடியும்?

கணக்கைப் போட்டே பார்ப்போம். மூன்று ஏக்கர் என்பது ஏறத்தாழ 12,140 சதுர மீட்டர். நிலம் செவ்வகமாக இருந்து, சாலைக்கு 3,340 போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 8,800. சாலை போக மீதியில் பத்து சதவீதம் பூங்காவுக்கு, அதாவது 880. இடம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு சதவீதம், 88. அதில் பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. கடைசியில் விற்க நிற்பது 7,832 சதுர மீட்டர், ஏறத்தாழ 84,300 சதுர அடி. 1,200 சதுர அடி மனையாகப் பார்த்தால் எழுபது மனை. நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளும் பெரிய மனைப்பிரிவில் காட்ட வேண்டும். அவை விற்பனை மனைகளுக்குள்ளேயே அடங்கும்.

ஆக நூற்றுக்கு அறுபத்துநாலு, அறுபத்தைந்து. நிலம் கோணலாக இருந்தால் அறுபதுக்கும் கீழே போகும். 3,000 சதுர மீட்டர் வரை பூங்கா ஒதுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 வரை இடமாக விடலாம், அல்லது அதன் சந்தை மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால் இடமாகத்தான் விட வேண்டும். "எண்பது சதவீதம் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவர் எந்தச் சாலையை, எந்தப் பூங்காவை விழுங்குகிறார் என்று கேளுங்கள்.

ரோடு எத்தனை அடி விடணும்? இருபது அடி போதாதா?

மனைப்பிரிவுக்குள் போடும் தெரு குறைந்தது 7.2 மீட்டர், ஏறத்தாழ 23½ அடி. தெரு நீளம் கூடக் கூட அகலமும் கூட வேண்டும். 9 மீட்டர், 12 மீட்டர் சாலைகள் அப்படித்தான் வருகின்றன. பக்கத்து மனைப்பிரிவின் சாலை உங்கள் எல்லையில் வந்து முட்டினால் அதை உங்கள் நிலத்துக்குள் தொடரச் சொல்வார்கள். முதலிலேயே அதைக் கணக்கில் சேர்த்து வரையுங்கள்.

அகலத்தைவிடப் போக்கு முக்கியம் என்பது என் கருத்து. முதலில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் மட்டக்கோடுகளை அரை மீட்டர் உயர இடைவெளியில் எடுத்து, தண்ணீர் இயல்பாக ஓடும் திசையில் பெரிய தெருவைப் போட வேண்டும். குறுக்குத் தெருக்கள் அதில் வந்து வடிய வேண்டும். கேப்பர் மலைச் செம்மண் மேட்டில் இதைக் கவனிக்காமல் சரிவுக்குக் குறுக்கே தெரு போட்டால் ஒரு மழையில் மண் அரித்து ஓடைபோல ஆகிவிடும். ஆற்றோரக் களிமண்ணில் அதே தப்பு தெருவைக் குட்டையாக்கும்.

மூலை மனையில மூலையை ஏன் வெட்டுறீங்க? நிலம் வீணாகுதே?

இரண்டு தெரு சந்திக்கும் இடத்தில் வண்டி திரும்பவும், எதிரில் வருவது தெரியவும்தான். இந்த மூலைவெட்டுக்கு ஸ்பிளே என்று பெயர், அது விதி. வெட்டின அளவைச் சாலைக் கணக்கில் சேர்த்துவிடுவோம். மூலை மனை வாங்குகிறவருக்கு வெட்டுப்போக உள்ள பரப்பைத்தான் விற்க வேண்டும்.

நிலத்துல ஒரு மூலை பள்ளமா இருக்கு. பார்க்கை அங்க காட்டிடலாமா?

நிறையப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். கூடாது. பூங்கா சாலையைத் தொட்டு, பயன்படும் வடிவில் இருக்க வேண்டும். 100 சதுர மீட்டருக்கும், பத்து மீட்டர் அகலத்துக்கும் குறையக் கூடாது. எழுபது குடும்பத்துப் பிள்ளைகள் விளையாட மிஞ்சுவது அந்த ஒரு இடம்தான். மனைகளுக்குப் பயன்படாத முக்கோணத்தையும் கிணற்று மேட்டையும் தேடிப்பிடித்து அதற்கு ஒதுக்குவது நியாயமில்லை. நான் வரையும்போது பூங்காவை முதலில் வைத்துவிட்டு மனைகளைச் சுற்றி அடுக்குகிறேன். மனைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவதில்லை.

பள்ள மூலை உண்மையில் ஒரு பழைய நீரோட்டமாக இருக்கலாம். அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

நிலத்துக்கு நடுவுல ஒரு வாய்க்கால். பல வருஷமா தண்ணியே வரல. மூடிட்டு ரோடு போட்டுக்கலாமா?

'அ' பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அது அரசு நிலம். அதைத் தொட முடியாது. உங்கள் பரப்பிலும், பூங்காக் கணக்கிலும் சேர்க்க முடியாது. இரண்டு பக்கமும் உங்கள் நிலம் இருந்து குறுக்கே சாலை போக வேண்டுமென்றால் நீர்வளத் துறை அனுமதியோடு அவர்கள் சொல்லும் அகலத்தில் சிறுபாலம் கட்ட வேண்டும். சாலைக்கும் நிலத்துக்கும் நடுவே வாய்க்கால் ஓடினாலும் இதே நடைமுறைதான்.

பட்டா நிலத்துக்குள் இருக்கும் பாசன வாய்க்கால் வேறு. சட்டப்படி உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் மேலே இருக்கிற நிலத்தின் வடிகால் அதுவாக இருந்தால், மூடிய மறு கார்த்திகையில் அந்தத் தண்ணீர் உங்கள் மனைகள் வழியாகப் போகும். கடலூர் மாவட்டம் கெடிலம், தென்பெண்ணை, பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலுக்கு இறங்கும் கடைசிப் பகுதி. நம் நிலம் வழியாகப் போவது நம் ஊர் மழை மட்டும் என்று எண்ண வேண்டாம். இப்படிப்பட்ட வாய்க்காலைச் சாலையோர வடிகாலாக மாற்றி, வரும் வாயும் போகும் வாயும் பழைய இடத்திலேயே இருக்கும்படி வரைவதுதான் சரி.

எங்க நிலம் கெடிலம் ஓரம். வெள்ளம் வந்த இடம்னு அப்ரூவல் தரமாட்டாங்களா?

தடை என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். வெள்ள மட்டம் எவ்வளவு, நிலத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், வடிகால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். அந்த நிபந்தனைகளை வரைபடத்தில் காட்டினால்தான் கோப்பு நகரும்.

நான் செய்வது இது: பக்கத்து வீடுகளின் சுவரில் 2015 நவம்பர் வெள்ளத்தின் கறை எங்கே நிற்கிறது என்று பார்த்து, மாடு மேய்க்கிற பெரியவர்களிடம் கேட்டு, அந்த மட்டத்தை லெவல் கருவியால் நிலத்துக்குக் கொண்டுவருகிறேன். தென்பெண்ணைப் பக்கம் என்றால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் வந்த வெள்ளம் இன்னும் நினைவில் இருப்பதால் எளிது. அந்த மட்டத்துக்கும் தரைக்கும் இடைவெளி ஒரு ஆள் உயரம் என்றால், மண் கொட்டி மேடாக்கி மனை போட வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். நம் நிலம் உயர்ந்தால் பக்கத்துத் தெரு மூழ்கும்.

நஞ்சைன்னு பட்டாவுல இருக்கு. மனை போடவே முடியாதா?

முடியும், ஆனால் நிபந்தனைகள் அதிகம். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேளாண் துறையின் கருத்தும் வேண்டும். முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான் உள்ள பகுதியில் நிலம் விவசாய உபயோகத்தில் காட்டப்பட்டிருந்தால் முதலில் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி தனி நடைமுறை. சுற்றிலும் நெல் விளைந்துகொண்டிருக்க நடுவில் ஒரு மூன்று ஏக்கருக்குக் கேட்டால் கிடைப்பது அரிது. என் சொந்தக் கருத்தில் அது அப்படி இருப்பதே நல்லது.

கடல் பக்கம், ரயில்வே லைன் பக்கம்னா என்ன பண்ணணும்?

தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற இடங்களில் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் வரும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் எல்லை; உப்பங்கழி, முகத்துவார ஓரங்களுக்கும் தனி அளவு உண்டு. கடல் தெரியவில்லையே என்று முதுநகர் உப்பங்கழிப் பக்கம் ஏமாந்துவிட வேண்டாம். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்கள் என்றால் சுரங்கத்துக்கான நிலமெடுப்பு அறிவிப்பு அந்தச் சர்வே எண்ணில் உண்டா என்று முதல் வேலையாகப் பாருங்கள்.

'அ' பதிவேட்டுல ஏதோ நிபந்தனைன்னு எழுதியிருக்கு. பட்டா எங்க பேர்லதானே இருக்கு?

பட்டா பெயரை மட்டும் பார்த்துப் போதும் என்று இருக்கக் கூடாது. பஞ்சமி நிலம், அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம், பூமிதான நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம், நில உச்சவரம்பில் வந்த நிலம் ஆகியவற்றை இன்றைய பட்டாவில் யார் பெயர் இருந்தாலும் மனை போடுவதற்கு முன் மூலத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பழைய 'அ' பதிவேட்டையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வழக்கறிஞர் கருத்து கேட்பது இதற்குத்தான். அதைச் சம்பிரதாயமாக வாங்க வேண்டாம்.

2008ல வாங்கின மனை. பஞ்சாயத்து அப்ரூவல்னு சொல்லித்தான் வித்தாங்க. இப்ப வீடு கட்ட விடமாட்டேங்கிறாங்க.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. அப்படிப்பட்ட பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் மனையாகப் பதிவான உங்கள் மனையை மறுபடி விற்கவோ பதியவோ தடையில்லை. ஆனால் வீடு கட்ட அனுமதியும் மற்றவையும் வேண்டுமென்றால் 2017-இல் வந்த வரன்முறை விதிகளின்படி மனையை வரன்முறைப்படுத்தியிருக்க வேண்டும். கால நீட்டிப்பு பலமுறை தரப்பட்டிருக்கிறது. இப்போது எந்த நிலை என்பதை உள்ளாட்சியில் கேட்டு, மனைப்பிரிவு முழுவதுக்கும் ஏற்கெனவே யாராவது வரன்முறை வாங்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் உங்கள் வேலை சுலபம்.

நாங்க அண்ணன் தம்பி நாலு பேர். பாகம் பிரிச்சுக்க அப்ரூவல் வேணுமா?

குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொள்ள மனைப்பிரிவு அனுமதி தேவையில்லை. அதன் பிறகு தன் பாகத்தை யாராவது மனை மனையாக வெளியாட்களுக்கு விற்கப் போனால், முந்தைய பதிலில் சொன்ன 22-அ குறுக்கே நிற்கும். பாகம் பிரிக்கும்போதே ஒவ்வொருவருக்கும் பொதுச் சாலைத் தொடர்பு இருக்கும்படி கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கப் பாகம் வாங்கின தம்பிக்கு "அண்ணன் வழி விடுவார்" என்று வாய்ப்பேச்சில் விட்ட நிலங்கள்தான் இன்றைக்கு மனை போட முடியாமல் கிடக்கின்றன.

ரெரா வேற தனியா வாங்கணுமா?

ரெரா என்பது மனை, வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினால் அதன் பதிவு வேண்டும். அது பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல். ஆக ஏறக்குறைய எல்லா மனைப்பிரிவும் வந்துவிடும். 2016-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி பதிவு எண் வாங்கும் முன் விளம்பரமோ முன்பதிவோ கூடாது. வாங்குகிறவர்களிடம் பெறும் பணத்தில் எழுபது சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். டி.டி.சி.பி.யும் ரெராவும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது.

நிலம் பாகூர் பக்கம். கடலூர்லேர்ந்து கூப்பிடு தூரம்தான். இதே விதிதானா?

புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் எல்லாம் மாறும். அங்கே புதுச்சேரியின் 1969-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். அனுமதிக்கு அந்த அரசின் நகர அமைப்புத் துறையும் திட்டக் குழுமமும். மேலே சொன்ன பூங்கா, சாலை அளவுகளை அங்கே அப்படியே பொருத்தக் கூடாது.

பழைய பத்திரங்களில் மறுஅளவை எண்ணோடு பிரெஞ்சுக் காலத்து நில அளவைப் பதிவான கதாஸ்தரின் எண்ணும் இருக்கும். இரண்டும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றனவா என்று பொருத்திப் பார்ப்பது தனி வேலை. பரப்பு குழியில் எழுதியிருக்கும். அந்த ஊர் ஆவணங்களில் பழகினவரை வைத்துக்கொள்ளுங்கள். நம் எல்லைக் கிராமங்களில் ஒரு வரப்பின் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி என்று இருப்பதும் உண்டு. அங்கே ஒரே மனைப்பிரிவாக வரையவே முடியாது.

ரோடும் பார்க்கும் எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் எனக்கு அதுல உரிமையே இல்லையா?

இல்லை. தானப்பத்திரம் பதிந்த நாளிலிருந்து அது உள்ளாட்சியின் சொத்து, மக்களுக்கானது. அந்தப் பத்திரம் பதிந்து ஒப்படைத்த பிறகுதான் இறுதி அனுமதி வரும். பின்னாளில் பூங்கா இடத்தை மனையாக்கி விற்க யார் முயன்றாலும், அந்த மனைப்பிரிவில் மனை வாங்கின எவரும் அங்கீகரித்த வரைபடத்தைக் காட்டி எதிர்க்கலாம். அதனால் மனை வாங்கும் ஒவ்வொருவரும் முழு மனைப்பிரிவு வரைபடத்தின் நகலையும் தானப்பத்திர எண்ணையும் தன் பத்திரத்தோடு வைத்திருக்க வேண்டும்.

நான் விக்கிறவன் இல்ல, வாங்குறவன். என் மனை சரியா இருக்கான்னு நானே எப்படிப் பாக்குறது?

அங்கீகரித்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு, தெரு முனையிலிருந்து தொடங்குங்கள். நேராக உங்கள் மனைக்குப் போய் நாலு கல்லுக்குள் அளந்தால் உள்ளளவு சரியாகத்தான் இருக்கும். மனையே இடம் மாறியிருந்தாலும் தெரியாது. தெரு முனைக் கல்லிலிருந்து உங்கள் மனை வரை உள்ள மனைகளின் முகப்பு அளவைக் கூட்டி, டேப்பில் அந்தத் தூரம் வருகிறதா என்று பாருங்கள். எதிர் வரிசைக் கல் வரை தெருவின் அகலத்தையும் அளங்கள். 7.2 என்று வரைபடத்தில் இருந்து தரையில் 6.5 வந்தால் யாரோ ஒரு வரிசை முன்னால் வந்திருக்கிறார்கள்.

பிறகு மனைக்குள். முப்பதுக்கு நாற்பது மனை என்றால் நாலு பக்கம் மட்டும் போதாது, குறுக்கு அளவும் எடுக்க வேண்டும். இரண்டு குறுக்கும் ஐம்பது அடி வர வேண்டும். ஒன்று 51, இன்னொன்று 49 என்று வந்தால் பக்கங்கள் சரியாக இருந்தும் மனை சாய்ந்திருக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது பக்கத்து மனைக்காரரோடு தகராறு அங்கேதான் வரும். வித்தியாசம் தெரிந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் சொல்லி, சர்வேயரை வைத்து, பக்கத்து மனை உரிமையாளர் முன்னிலையில் கல்லைத் திருத்தி ஊன்றச் சொல்லுங்கள்.